கொம்பையா மகனுக்கு அரைக் கிளாஸ்

கவிழ்த்து வைத்த கிளாஸின் விளிம்பைச் சுற்றித் தேநீர் மெல்லக் கசிந்து வருகிறது, மேசையில் விரித்திருந்த பச்சை ரெக்சினில் கொஞ்ச நேரம் தயங்கி நிற்கிறது, பிறகு எந்தப் பக்கம் மட்டம் குறைவோ அந்தப் பக்கமாக நகரத் தொடங்குகிறது, மேசை கிழக்கே கால் அங்குலம் இறங்கியிருக்கிறது என்று அத்தனை ஆத்திரத்திலும் வேல்மயிலின் மனம் சொல்கிறது, கொத்தனார் புத்தி அப்படி, தன்னைப் பாடையில் தூக்கிக்கொண்டு போகும்போதுகூட நாலு பேரும் ஒரே மட்டத்தில் தூக்குகிறார்களா என்று எட்டிப் பார்க்கிற புத்தி, தேநீர் மேசையின் ஓரத்துக்கு வந்து ஒரு சொட்டாகத் திரண்டு தொங்குகிறது, அது கீழே விழுவதற்குள் மேசை மேசையாக இல்லை, ஏதோ ஒரு பழைய டீக்கடையின் கருங்கல் பலகையாகிவிட்டது, பலகைக்கு அந்தப் பக்கம் அவன் அப்பா கொம்பையா, செத்து ஒன்பது வருஷமானவர், வெள்ளைத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்று, எவ்வளவுப்பா ஊத்துனாங்க, என்று கேட்கிறார், வேல்மயில் பதில் சொல்ல வாயைத் திறக்கிறான், வாய் நிறையப் பிராந்தி, தொண்டையை எரித்துக்கொண்டு இறங்குகிறது, ஐயோ குடிச்சுட்டேனே, ஒரு வருஷமும் போச்சே, என்று பதறி எழுந்து உட்கார்ந்தால் தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணி, கோவில்பட்டி வெயில் ஜன்னல் கம்பியில் காய்கிறது, பக்கத்தில் ஜெயக்கொடி ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருக்கிறாள், இருபத்துநாலு வருஷமாக அவனைக் கட்டி மேய்க்கிற பெண்சாதி, ஏட்டி, என் வாயக் கொஞ்சம் மோந்து பாரு, என்கிறான், அவள் ஊசியைக் கீழே வைக்காமலே குனிந்து மோந்துவிட்டு, மத்தியானம் தின்ன கருவாட்டுக் கொழம்புதான் அடிக்கு, கனவா, போய் மூஞ்சியக் கழுவுங்க, நாலு மணிக்குக் கூட்டம், இன்னைக்கு என்ன நாளுன்னு ஞாபகம் இருக்கா, என்றாள்.

ஞாபகம் இல்லாமலா, நேற்று ராத்திரியிலிருந்து அதே ஞாபகம்தான், இன்றைக்கு அந்தக் கூட்டத்தில் அவனுக்கு ஒரு வருஷம் நிறைகிறது, குடியை விட்டவர்களும் விட முடியாமல் தவிக்கிறவர்களும் ஞாயிறு தவறாமல் கூடி உட்கார்ந்து மனசைத் திறந்து பேசுகிற கூட்டம், முகத்தில் சோப்பு நுரையைத் தடவிக்கொண்டு கண்ணாடி முன் நிற்கிறான், சவரக்கத்தி கன்னத்தில் ஒரே இழுப்பில் இறங்குகிறது, இந்தக் கைதானா அது என்று அவனுக்கே சந்தேகம், ஒரு காலத்தில் வேல்மயில் போட்ட தரையில் தண்ணீரை ஊற்றினால் எந்தப் பக்கம் ஓடுவது என்று தண்ணீரே முழிக்கும் என்று மேஸ்திரிகள் சொல்வார்கள், அப்பேர்ப்பட்ட கை, உடம்பு வலிக்கிறது என்று குடித்தான், பிறகு மச்சினன் கல்யாணம் என்று குடித்தான், பிறகு காரணம் தேடுகிற வேலையும் மிச்சமாயிற்று, காலையில் ஒரு கட்டிங் உள்ளே போகாவிட்டால் ரசமட்டத்தைச் செங்கல் மேல் வைத்துவிட்டு அதற்குள் இருக்கிற குமிழியைப் பார்க்க முடியாது, குமிழி ஆடுகிறதா சுவர் ஆடுகிறதா தான் ஆடுகிறானா என்று தெரியாது, சித்தாள் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள், பிறகு சிரிப்பதையும் விட்டுவிட்டுப் பாவம் என்று பார்க்க ஆரம்பித்தார்கள், அதுதான் தாங்க முடியவில்லை, ஒருநாள் கலவை குழைத்துக்கொண்டிருந்தவன் குனிந்து வாந்தியெடுத்தான், சிமெண்டு கலவை சிவப்பாகிவிட்டது, செம்மண் கலந்துவிட்டதோ என்று கரணையால் கிளறிப் பார்த்தான், ரத்தம்.

பெரியாஸ்பத்திரியில் டாக்டரம்மா அவனிடம் பேசவில்லை, ஜெயக்கொடியிடம்தான் பேசினார், இந்தத் தடவை நிறுத்திட்டோம்மா, மறுபடி குடிச்சு மறுபடி ரத்தம் வந்தா எங்க கையில ஒண்ணும் இல்ல, என்றார், ஜெயக்கொடி அழவில்லை, கடலைமிட்டாய்க் கம்பெனியில் நாளெல்லாம் பாக்கெட் ஒட்டுகிறவள், கைக்கு ஏதாவது வேலை இருந்தால்தான் அவளுக்கு மனசு நிற்கும், வார்டுக்கு வெளியே தூணைச் சுரண்டிக்கொண்டு நின்றவள் சுரண்டிய இடத்தில் ஒரு நோட்டீசைப் பார்க்கிறாள், குடியிலிருந்து மீள வேண்டுமா, எங்களோடு பேசுங்கள், நாங்களும் குடித்தவர்கள்தான், என்று போட்டு ஒரு செல்போன் நம்பர், அதில் கடைசி எண் மட்டும் கிழிந்து போயிருந்தது, வேறு யாராவது இருந்தால் உச் கொட்டிவிட்டுப் போயிருப்பார்கள், அவள் ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து சைபரிலிருந்து ஆரம்பித்தாள், சைபர் போட்டால் ஒரு புரோட்டாக் கடை, ஒன்று உபயோகத்தில் இல்லை, இரண்டில் ஒரு பொம்பளை யாருடி நீ என் புருசனுக்குப் போன் போடுறவ என்று பிடித்துக்கொண்டாள், அவளுக்குச் சமாதானம் சொல்லிவிட்டு மூன்று, ஆட்டு வியாபாரி, கிடாயா பொட்டையா என்று கேட்டார், நான்கும் ஐந்தும் எடுக்கவில்லை, ஆறில் ஒரு குழந்தை பேசியது, ஏழில், சொல்லுங்கக்கா, குடிக்கிறது நீங்களா வீட்டுக்காரரா, என்று லாரி ஹாரன் மாதிரி ஒரு குரல், டாக்டரம்மா முன்னால் அழாதவள் முகம் தெரியாத அந்தக் குரலிடம் படியில் உட்கார்ந்து அழுதாள், எதிர்முனையில் போனை வைக்கவும் இல்லை, அழாதீங்க என்று சொல்லவும் இல்லை, அழுது முடிக்கிற வரைக்கும் காத்திருந்து, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாலு மணி, சர்ச்சு ஸ்கூலு, கூட்டிட்டு வாங்க, என்றது, அந்தக் குரலுக்குப் பெயர் ஞானதுரை.

வேல்மயிலுக்கு அந்த முதல் ஞாயிறு ஒரு பழைய படம் போல அங்கங்கே வெட்டுப்பட்டுத்தான் ஞாபகத்துக்கு வருகிறது, ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஐந்தாவது நாள், மாத்திரை தின்று வாய் கசந்து, கை வெடவெடக்க, ஜெயக்கொடி ஊக்கு வைத்துச் சுருக்கிய சட்டையில் அவளோடு மாதா கோயில் வாசலில் நிற்கிறான், வாட்ச்மேன் யாரப் பாக்கணும் என்கிறார், குடிகாரங்க கூட்டம் எங்க நடக்கு என்று எப்படிக் கேட்பது, நாலு மணிக் கிளாசு, என்று முனகுகிறான், வாட்ச்மேன் மேலும் கீழும் பார்த்துவிட்டு இடது பக்கம் கையைக் காட்டுகிறார், அங்கே போய் உட்கார்ந்தால் சுற்றிலும் சின்னப் பசங்களும் பெண்களும் ஜோடி ஜோடியாகக் கூச்சத்தோடு சிரித்துக்கொண்டு, பத்து நிமிஷம் கழித்துச் சாமியார் இவர்கள் பக்கம் திரும்பி, உங்களுக்குக் கல்யாணம் என்னைக்கு வச்சிருக்கு, என்று கேட்ட பிறகுதான் அது கல்யாணம் ஆகப்போகிறவர்களுக்கான வகுப்பு என்று தெரிந்தது, ஜெயக்கொடி எழுந்து நின்று, எங்களுக்கு ஆயி இருபத்துமூணு வருசமாச்சு சாமி, அதான் இப்படி அலையுதோம், என்றாள், வகுப்பே சிரித்தது, சாமியாரும் சிரித்துவிட்டார், பிறகு அவரே வந்து மைதானத்தின் மறுகோடியில் இருந்த அறையைக் காட்டினார், வேல்மயிலுக்கு மானம் போய்விட்டது, ஆனால் இன்றைக்கு நினைத்தால் சிரிப்பும் பெருமையுமாக வருகிறது, அத்தனை பேர் முன்னால் தலையைத் தொங்கப் போடாமல் அப்படிச் சொல்ல வேறு எவளுக்கு வரும்.

இரண்டாம் வகுப்பு ஆ பிரிவு, கரும்பலகையில் ஏழாம் வாய்ப்பாடு, முழங்கால் மடங்காத குட்டி பெஞ்சுகளில் பன்னிரண்டு பதின்மூன்று வளர்ந்த ஆம்பிளைகள், வீட்டு ஆட்கள் வெளியில் இருக்க வேண்டும் என்பதால் ஜெயக்கொடி சைக்கிள் ஸ்டாண்டின் திண்டில் உட்கார்ந்துகொள்கிறாள், வாசலில் ஞானதுரை, அவனைவிட நாலைந்து வயசு சின்னவன், ஆள் லாரி மாதிரி குரலும் லாரி மாதிரி, வாங்கண்ணே என்று கையைப் பிடித்துக்கொண்டு, சொந்த ஊரு எது, என்கிறான், வடக்குப்புதூர், வடக்குப்புதூர்ல எந்தத் தெருண்ணே, வேல்மயில் அவன் கையிலிருந்து தன் கையை எடுத்துக்கொண்டான், ஐம்பது வருஷமாக அந்தக் கேள்வி எதற்கென்று தெரியாத ஒரு ஆள் அவன் வம்சத்தில் கிடையாது, கீழத்தெரு, என்றான், சரிண்ணே உக்காருங்க, என்று ஞானதுரை உள்ளே ஏதோ ஒரு முகத்தைத் தேடிப் பார்த்தான், அது வேல்மயிலின் மனசில் முள்ளாக நின்றுவிட்டது, ஒவ்வொருத்தராக எழுந்து என் பேரு இன்னது, நான் ஒரு குடிநோயாளி, என்று பேசுகிறார்கள், ஒருவர் மகள் நிச்சயதார்த்தத்தன்று சாக்கடையில் கிடந்ததைச் சொல்கிறார், ஒருவர் ஆறு வருஷமாகத் தொடவில்லை என்கிறார், கைதட்டுகிறார்கள், ஒன்றும் காதில் ஏறவில்லை, பிறகு டீ வருகிறது, பெரிய எவர்சில்வர் கேனைத் தூக்கிக்கொண்டு ஞானதுரை வரிசையாக ஊற்றிக்கொண்டே வருகிறான், இடது பக்கத்து ஆளுக்கு நுரை விளிம்பில் எழும்பி நிற்க முழு கிளாஸ், வலது பக்கத்து ஆளுக்கும் முழு கிளாஸ், நடுவில் வேல்மயிலுக்குப் பாதி, கை தவறிக் குறைந்த பாதி இல்லை, கொத்தனார் கண்ணுக்குத் தெரியாதா, அளந்து நிறுத்திய பாதி.

அந்தப் பாதி அவனுக்குப் புதிதில்லை, பிறப்பதற்கு முன்னாலிருந்தே அவனுக்கு அதைத் தெரியும், அம்மா சொல்லி, சித்தப்பாமார் சொல்லி, அப்பா வேண்டாம் என்று கையமர்த்தினாலும் எல்லாரும் சொல்லிச் சொல்லி, அவனே அங்கே நின்று பார்த்த மாதிரி கண்ணுக்குள் இருக்கிறது, வடக்குப்புதூர் டீக்கடையில் உள்ளே மேசைமேல் இருக்கிற கிளாசுகள் வேறு, கீழத்தெரு ஆட்களுக்காக வெளியே ஆணியில் தொங்குகிற கிளாசுகள் வேறு, குடித்துவிட்டுக் கழுவி மறுபடி அதே ஆணியில் மாட்ட வேண்டும், தூத்துக்குடித் துறைமுகத்தில் இரண்டு வருஷம் மூட்டை தூக்கிவிட்டு ஊர் திரும்பிய கொம்பையாவுக்கு இருபத்தாறு வயசு, ஒரு காலை வேளையில் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு நேராகக் கடைக்குள் போய், மேசைமேல் இருக்கிற கிளாசுல ஒரு டீ, என்றார், கடைக்காரர் வெகுநேரம் ஆற்றி ஆற்றி, கடைசியில் அந்தக் கிளாஸை எடுத்துப் பாதி ஊற்றி வைத்தார், கிளாசுதான கேட்ட, குடுத்தாச்சு, அளவு என் இஷ்டம், என்றார், கொம்பையா கத்தவில்லை, கையை ஓங்கவில்லை, கிளாஸை எடுத்துக் கருங்கல் பலகையில் அப்படியே கவிழ்த்து வைத்தார், நெறைச்சுக் குடுக்கிற அன்னைக்கு வாரேன், என்றார், மறுநாள் கீழத்தெருவிலிருந்து ஒரு ஆள்கூட ஊர்க்காரர்கள் காட்டுக்குப் பருத்தி எடுக்கப் போகவில்லை, அதற்கடுத்த நாளும் போகவில்லை, பருத்தி வெடித்து மண்ணில் உதிர்ந்தது, நாற்பத்தோராம் நாள் கடைக்காரரே தெருமுனைக்கு வந்து கொம்பையாவைக் கூப்பிட்டார், தளும்பத் தளும்ப முழு கிளாஸ், ஆணியில் தொங்கிய கிளாசுகள் அன்றைக்கே போயின, அப்பா அந்த டீயைச் சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு வந்தார், சாகிற வரைக்கும் அவர் நாக்கில் அதைத் தவிர வேறு போதை பட்டதில்லை, அவருடைய மகன்தான் இன்றைக்கு அரைக் கிளாஸுக்கு முன்னால் வெடவெடத்த கையோடு உட்கார்ந்திருக்கிறான்.

கொம்பையா மகனுக்கு அரைக் கிளாசா, என்று அவன் வாய்விட்டே கேட்டுவிட்டான், எழுந்தான், கிளாஸை எடுத்து முன்னால் கிடந்த மேசையின் பச்சை ரெக்சின் மேல் கவிழ்த்து வைத்தான், அந்த நிமிஷம் மட்டும் கை நடுங்கவில்லை, அதை எந்தக் கோயிலில் கேட்டாலும் சொல்வான், மேசை கிழக்கே இறங்கியிருப்பதைப் பார்த்தான், தேநீர் ஓடுவதைப் பார்த்தான், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தான், என்னாச்சு என்று ஓடிவந்த ஜெயக்கொடியிடம், அளந்து ஊத்துறானுவ, தெருவக் கேட்டுட்டு அளந்து ஊத்துறானுவ, என்று மட்டும் சொன்னான், வாசலைத் தாண்டினான், பிறகு கால்களுக்கு வழி சொல்ல வேண்டியிருக்கவில்லை, பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பிராந்திக் கடை, அங்கே எவனும் தெருவைக் கேட்பதில்லை, அளவில் எவனும் குறை வைப்பதில்லை, நிறைத்து நிறைத்துக் கொடுத்தார்கள், அப்பா பேரைக் காப்பாற்றிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டே குடித்தான், அப்பா தொடாத ஒன்றை அப்பாவுக்காகக் குடிக்கிறோமே என்று அப்போது உறைக்கவில்லை.

அதற்குப் பின் அந்த அறையில் நடந்ததை அவன் பார்க்கவில்லை, ஆனால் எத்தனையோ தரம் கேட்டு, இப்போது பார்த்ததாகவே ஆகிவிட்டது, வீட்டு ஆட்கள் உள்ளே வரக்கூடாது என்கிற விதியெல்லாம் ஜெயக்கொடிக்கு யார் சொல்வது, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இரண்டாம் வகுப்பு ஆ பிரிவுக்குள் நுழைந்தாள், எம் புருசன் குடிகாரன்தான், நான் இல்லங்கல, ஆனா யாருக்கும் கொறஞ்சவரு இல்ல, அவுங்கப்பா யாருன்னு தெரியுமா ஒங்களுக்கு, முழுசா ஊத்த மனசு இல்லேன்னா எதுக்குய்யா வரச் சொன்னீங்க, என்று ஒரு பிடி பிடித்தாள், பதின்மூன்று ஆம்பிளைகள் அடி வாங்கிய பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள், ஞானதுரை கேனை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றவன், விஷயம் புரிந்ததும் கேனைக் கீழே வைத்துத் தலையில் அடித்துக்கொண்டான், அக்கா, மொத நாள் வாரவனுக்குக் கை நடுங்கும், முழுசா ஊத்துனா வாய்க்குப் போறதுக்குள்ள சட்டையில சிந்திரும், சிந்துனா வெக்கப்பட்டுக்கிட்டு அடுத்த வாரம் வரமாட்டான், அதுக்குத்தான் பாதி, குடிச்சு முடிச்சதும் ரெண்டாவது பாதி ஊத்துவோம், இங்க உக்காந்திருக்க எல்லாரும் அப்படிக் குடிச்சவங்கதான், எனக்கு எட்டு வாரம் பாதிதான் ஊத்துனாங்க, என்றான், தெருவை எதற்குக் கேட்டாய் என்றாள் ஜெயக்கொடி, விடுவாளா, வடக்குப்புதூர்க்காரர் ஒருத்தர் இங்க வாராருக்கா, தெரிஞ்ச முகத்துக்கு முன்னால வாயத் தொறக்கக் கூச்சப்படுவாங்க, ஒரே தெருவா இருந்தா அவர வேற கிழமைக்கு மாத்திவிடலாம்னுதான், நான் கேட்ட விதம் தப்புதான், என்று கையெடுத்துக் கும்பிட்டான், பிறகு ஒரு கிளாஸில் பாதி ஊற்றி அதன்மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து மூடி, அவரோட ரெண்டாவது பாதி இங்க இருக்கு, அடுத்த ஞாயிறு வந்து வாங்கிக்கிடச் சொல்லுங்க, என்றான்.

மறுநாள் காலையில் அவள் இதைச் சொன்னபோது வேல்மயில் நம்பவில்லை, கதை, என்றான், நல்லா ஒன்னய ஏமாத்தி அனுப்பியிருக்கானுவ, என்றான், அந்த வாரம் முழுக்கக் குடித்தான், அவன் இருமும்போதெல்லாம் ஜெயக்கொடி வந்து துப்பியதைக் குனிந்து பார்த்துவிட்டுப் போவாள், சண்டை போடவில்லை, சனிக்கிழமை விடிந்து அவன் கடைக்குக் கிளம்புவதற்குள் அவள் வேலைக்குப் போகாமல் அடுப்பைப் பற்றவைத்தாள், டீ போட்டாள், கல்யாணச் சீராக வந்த கண்ணாடி கிளாஸைத் துடைத்து எடுத்துத் தளும்பத் தளும்ப ஊற்றினாள், அவனுக்கு முன்னால் வைத்தாள், கொம்பையா மகன்தான, முழுசா ஊத்தியிருக்கேன், எடுத்துக் குடிங்க, என்றாள், இதென்ன பிரமாதம் என்று அவன் கையை நீட்டினான், தொட்டதுமே மேலே இருந்த நுரை உடைந்து விரல்மேல் வழிகிறது, தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குத் தூக்குவதற்குள் மணிக்கட்டில், மார்பு உயரத்தில் சட்டையில், இரண்டு கையாலும் பிடித்துப் பார்க்கிறான், நடுக்கமும் இரண்டு மடங்காகிறது, பல்லைக் கடித்துக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, ரசமட்டத்துக் குமிழியைப் பார்க்கிற மாதிரி கண்ணை இடுக்கிக்கொண்டு உதடு வரைக்கும் கொண்டுவந்து சேர்த்துவிட்டான், உதட்டில் கண்ணாடி பட்டபோது குனிந்து பார்த்தான், கிளாஸில் பாதிதான் இருந்தது.

அளந்து நிறுத்தியது போலச் சரியாகப் பாதி, அவன் அந்தப் பாதியைக் குடிக்கவில்லை, கீழே வைத்துவிட்டு நனைந்த சட்டையோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டான், ஜெயக்கொடி சிரிக்கவில்லை, பாத்தீங்களா என்று கேட்கவில்லை, துணியை எடுத்துத் தரையைத் துடைத்தாள், அவள் துணியைப் பிழிந்துவிட்டு வந்ததும், நாளைக்கு எத்தனை மணிக்கு, என்று அவன் கேட்டான், நாலு மணிக்கு, என்றாள், இவ்வளவுதான் பேச்சு, அன்றைக்கு அவன் கடைக்குப் போகவில்லை, டாக்டரம்மா எழுதிக் கொடுத்த மாத்திரையைத் தின்றுவிட்டுப் போர்வைக்குள் கிடந்து நடுங்கினான், கூரையிலிருந்து எறும்பு கொட்டுவதாகவும் அப்பா வாசலில் நிற்பதாகவும் தெரிந்தது, அவள் கையைப் பிடித்தபடி கிடந்தான், இரண்டு பேரில் யார் யாரைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்று இப்போது கேட்டாலும் தெரியாது.

இரண்டாவது ஞாயிறு அவன் சட்டைப் பையில் உடைந்த டைல்ஸ் துண்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு போனான், யாரிடமும் ஒன்றும் பேசாமல் நேராகப் போய், மேசைக்கு அடியில் மண்டியிட்டு, கிழக்குப் பக்கத்துக் காலுக்குக் கீழே துண்டைச் செருகி, உள்ளங்கையால் மேசையை அழுத்திப் பார்த்துவிட்டு எழுந்து போய்ப் பழைய பெஞ்சில் உட்கார்ந்தான், மன்னிப்புக் கேட்கிற வழக்கம் அவன் வீட்டில் இல்லை, தெரிந்தது அவ்வளவுதான், அவர்களுக்கும் அது போதுமாயிருந்தது, பிறகு டீ வந்தது, ஞானதுரை கேனோடு வரிசையாக வந்தவன் வேல்மயிலுக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டான், லாரி ஓட்டுகிறவன், எந்தக் கொண்டை ஊசி வளைவிலும் தயங்காதவன், அன்றைக்கு முழுசா பாதியா என்று தெரியாமல் கை கேனின் குழாயில் அப்படியே நிற்கிறது, அறை முழுக்க அவர்களையே பார்க்கிறது, அப்பா கருங்கல் பலகைக்கு அந்தப் பக்கம் நிற்கிறார், துண்டு தோளில் இருக்கிறது, வேல்மயில் நிமிர்ந்து ஞானதுரையின் கண்ணைப் பார்த்து, எனக்குப் பாதி ஊத்துங்க தம்பி, என்றான்.

சொன்ன குரல் அவன் குரல்தானா என்று அவனுக்கே ஆச்சரியம், அப்பா முழுசு கேட்ட குரலும் இதே குரலாகத்தான் இருந்திருக்க வேண்டும், பாதி வந்தது, இரண்டு கையாலும் எடுத்தான், சிந்தவில்லை, ஒரு சொட்டு சிந்தவில்லை, குடித்து வைத்ததும் கேட்காமலே இரண்டாவது பாதி வந்தது, அதையும் குடித்தான், பிறகு எழுந்து, பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, என் பேரு வேல்மயிலு, நான் ஒரு குடிநோயாளி, நேத்திலேருந்து குடிக்கல, என்றான், ஒரே ஒரு நாள், அதற்கு அவர்கள் தட்டிய கைத்தட்டில் மைதானத்துக்கு அந்தப் பக்கம் சைக்கிள் ஸ்டாண்டில் இருந்த ஜெயக்கொடி எழுந்து நின்றுவிட்டாளாம், வேல்மயிலுக்கு அவமானமாகவே இல்லை, ஒரு வீட்டுக்கு நிலைக்கதவு வைத்த அன்றைக்கு இருக்குமே, அப்படித்தான் இருந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் பாதியும் பாதியுமாகத்தான், மூன்றாம் மாதமே கை நின்றுவிட்டது, ரசமட்டத்துக் குமிழி சொன்ன இடத்தில் நின்றது, முழுசா ஊத்தட்டுமாண்ணே, என்று ஞானதுரை ஒவ்வொரு வாரமும் கேட்பான், ஒரு வருசம் ஆகட்டும், நானே கேக்கேன், என்பான் இவன், பிடிவாதத்தில் அப்பனையே தின்றவன் என்று ஜெயக்கொடி பெருமையாகத் திட்டுவாள், சோப்பு நுரை காய்ந்துவிட்டது, எவ்வளவு நேரம் கண்ணாடி முன்னால் நின்றோம் என்று தெரியவில்லை, மூன்றே முக்கால் ஆச்சு, மாப்பிள்ளைக்கு அலங்காரம் முடிஞ்சுதா, என்று அவள் குரல் கொடுக்கிறாள், புதிதாகக் கொக்கி தைத்த ரவிக்கை, பீரோவில் இருந்த நீலச் சேலை, அவனுக்கு இந்த வருஷம் சட்டையைச் சுருக்க ஊக்கு வேண்டியிருக்கவில்லை, மாதா கோயில் வாசலில் வாட்ச்மேன் எழுந்து நின்று வாங்க கொத்தனாரே என்கிறார், இடது பக்கத்து அறையில் வேறு ஜோடிகள் கூச்சத்தோடு சிரித்துக்கொண்டிருக்கிறார்கள், ஜெயக்கொடி அவர்களைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுச் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போகிறாள்.

ஏழாம் வாய்ப்பாடு போய் எட்டாம் வாய்ப்பாடு எழுதியிருக்கிறது, மேசைக்கு அடியில் டைல்ஸ் துண்டு அப்படியே இருக்கிறது, அவன் தினமும் பார்க்கிற ஆட்கள் மாதிரி ஆகிவிட்ட முகங்கள் எல்லாம் இன்றைக்குச் சலவைச் சட்டையில், என் பேரு வேல்மயிலு, நான் ஒரு குடிநோயாளி, இன்னையோட ஒரு வருசம், என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான், ஞானதுரை கேனோடு வந்து முன்னால் நிற்கிறான், கேட்கவில்லை, காத்திருக்கிறான், வேல்மயில் கிளாஸை நீட்டி, நெறைச்சு ஊத்துங்க, என்கிறான், தேநீர் ஏறுகிறது, பாதியைத் தாண்டுகிறது, விளிம்புக்கு வந்து நுரை அதற்கும் மேலே எழும்பி நிற்கிறது, எல்லாரும் அவன் குடிப்பதற்காகக் காத்திருக்கிறார்கள், அவன் குடிக்கவில்லை, ஒற்றைக் கையில் கிளாஸைப் பிடித்துக்கொண்டு எழுந்து, பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து, படியிறங்கி, மைதானத்துக்கு வந்துவிட்டான், பின்னால் ஜன்னல் முழுக்கத் தலைகள், அறுபது எழுபது அடி தூரம், பள்ளிக்கூடத்து மைதானம் மேடும் பள்ளமுமாகத்தான் இருக்கும், வெயில் கண்ணில் குத்துகிறது, கிளாஸுக்குள் தேநீர் அசையாமல் ஒரு மட்டமாக நிற்கிறது, எவ்வளவுப்பா ஊத்துனாங்க, என்று பக்கத்தில் நடந்து வந்தவர் கேட்கிறார், முழுசாப்பா, தளும்பத் தளும்ப, என்று வேல்மயில் வாய்விட்டுச் சொல்கிறான், எதிரே வந்த கோயில் உபதேசியார் யாரிடம் பேசுகிறான் என்று திரும்பிப் பார்த்தார், பார்த்துவிட்டுப் போகட்டும், விரலில் ஒரு சொட்டு விழவில்லை, சட்டையில் ஒரு சொட்டு விழவில்லை, சைக்கிள் ஸ்டாண்டுக்கு வந்து கிளாஸை ஜெயக்கொடியிடம் நீட்டினான், இந்தா, கொம்பையா மருமகளுக்கு, என்றான்.

அவள் கிளாஸைப் பார்த்தாள், அவன் கையைப் பார்த்தாள், சட்டையை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தாள், கண் நிறைந்து வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை, வாங்கி ஊதி ஊதிக் குடித்தாள், சரியாகப் பாதி வந்ததும் நிறுத்திவிட்டு, சீனி கொஞ்சம் கம்மி, இந்தாங்க, என்று மீதியை அவனிடம் நீட்டினாள். வேல்மயில் அந்த அரைக் கிளாஸை வாங்கி, அவளுக்குப் பக்கத்தில் திண்டில் உட்கார்ந்து, சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு, வெறும் கிளாஸை இருவருக்கும் நடுவில் நிமிர்த்தி வைத்தான்.